தாட்சண்யத்தைக் கழற்றி வையுங்கள்: தற்காப்பு கற்க வருபவர்களுக்கு

தற்காப்பு வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கே அடித்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான்?" நான் பதில் சொல்வதில்லை. அவர்களை இருவர் இருவராக எதிரெதிரே நிறுத்துவேன். ஒருவர் மெல்ல நடந்து வர வேண்டும். மற்றவர் இவ்வளவு நெருங்கியது போதும் என்று தோன்றும் இடத்தில் கையை உயர்த்தி, "அங்கேயே நில்லுங்கள்" என்று சொல்ல வேண்டும். பயிற்சி அவ்வளவுதான்.

சிறுபிள்ளை விளையாட்டு மாதிரித் தோன்றும். ஆனால் பத்துப் பேரில் நான்கைந்து பேருக்கு அந்த இரண்டு சொற்கள் வாயில் வராது. அலுவலகத்தில் பலரை மேய்க்கும் பெண்மணி ஒருவர் வந்திருந்தார். எதிரே வந்தவர் ஒரு சாண் தூரத்துக்கு நெருங்கியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்வாங்கிக்கொண்டே போய் முதுகு சுவரில் இடித்தது. முகத்தில் புன்னகை மட்டும் அப்படியே இருந்தது. "ஏன் நிறுத்தவில்லை?" என்று கேட்டேன். "பாவம், அவர் தப்பாக நினைத்துக்கொள்வாரே" என்றார். வந்தவர் நிற்கச் சொன்னால் நிற்பதற்காகவே வந்தவர்!

இதற்குத் தமிழில் பொருத்தமான சொல் இருக்கிறது: முகத்தாட்சண்யம். நேருக்கு நேர் ஒருவரிடம் கடுமை காட்ட முடியாமல் கூசுவது. தாக்க நினைப்பவன் முதலில் பயன்படுத்துவது கத்தியை அல்ல, உங்களுடைய இந்தக் கூச்சத்தை. அடியும் உதையும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

(தாக்குபவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். எழுத்து வசதிக்காக 'அவன்' என்றே எழுதுகிறேன். 'அவர்' என்று எழுத மனம் வரவில்லை.)

கண்ணைத் திறந்து வைத்திருப்பது

அமெரிக்க மரைன் படையில் அதிகாரியாக இருந்த ஜெஃப் கூப்பர், விழிப்பு நிலையை நான்கு வண்ணங்களாகப் பிரித்தார். சுற்றுப்புறமே மறந்து கிடப்பது வெள்ளை. நிதானமாக, ஆனால் என்ன நடக்கிறது என்ற கவனத்தோடு இருப்பது மஞ்சள். குறிப்பிட்ட ஓர் ஆளோ அசைவோ மனத்தை உறுத்துவது ஆரஞ்சு. இனிச் செயல்பட்டே ஆக வேண்டும் என்பது சிவப்பு. வெளியே இருக்கும்போது மஞ்சளில் இருந்தால் போதும். வண்டி ஓட்டுகிறவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே கண்ணாடியையும் பார்த்துக்கொள்வாரே, அந்த அளவு கவனம்தான். நாள் முழுக்க ஆரஞ்சில் இருந்தால் நரம்புத் தளர்ச்சிதான் வரும். எதிரே வருகிறவரை எல்லாம் கொலைகாரராகப் பார்க்கச் சொல்லவில்லை.

நடைமுறையில் இது சின்னச் சின்ன விஷயம். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். போன் பார்க்க வேண்டுமானால் ஓரமாக நின்று, முதுகைச் சுவருக்குக் கொடுத்துப் பாருங்கள். எந்த அறைக்குள் போனாலும் வெளியே போகும் வழி எங்கே என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். லிஃப்ட் கதவு திறக்கும்போது உள்ளே நிற்பவரைப் பார்த்து மனம் 'வேண்டாம்' என்றால் ஏறாதீர்கள். மாடிப்படி இருக்கிறது, அடுத்த லிஃப்டும் வரும். "எதையோ மறந்துவிட்டேன்" என்று சொல்லித் திரும்புவதுகூடத் தேவையில்லை. விளக்கம் சொல்லத் தோன்றுவதே தாட்சண்யத்தின் வேலைதான்.

1981இல் பெட்டி கிரேசன், மாரிஸ் ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள், நியூயார்க்கில் தெருவில் நடந்துபோனவர்களைப் படம் பிடித்து, வன்முறைக் குற்றங்களுக்காகச் சிறையில் இருந்தவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். 'இவர்களில் யாரை எளிதாகத் தாக்கலாம்?' என்பது கேள்வி. சிறைவாசிகள் ஆளைத் தேர்ந்தெடுத்ததில் நடைக்குப் பெரிய பங்கு இருந்தது. உடலும் கைகால்களும் இசைவில்லாமல், தடுமாறும் நடை அவர்கள் கண்ணில் பட்டது. ஆகவே நிமிர்ந்து, போகும் இடம் தெரிந்தவர்போல் நடங்கள். இது தாக்குதலுக்குத் தடுப்பூசி அல்ல. தாக்கப்பட்டவர்மீது பழி போடும் கருவியும் அல்ல. செலவில்லாத பழக்கம், அவ்வளவுதான்.

வருவதற்கு முன் தெரியும் அடையாளங்கள்

"திடீரென்று பாய்ந்துவிட்டான்" என்பார்கள். பாய்ந்தவனுக்கு அது திடீர் அல்ல. அதற்கு முன் அவன் சில வேலைகளைச் செய்திருப்பான். யாராவது பார்க்கிறார்களா என்று தலையைத் திருப்பிப் பார்ப்பான். ஒரு கை கண்ணில் படாமல் இருக்கும்: பையிலோ, தொடைக்குப் பின்னாலோ. இரண்டு பேராக வந்தால் ஒருவன் பேச்சுக் கொடுக்க, மற்றவன் மெதுவாக உங்கள் பக்கவாட்டுக்கு நகர்வான். சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஆள் சட்டென்று அமைதியாகிக் கண்ணை உங்கள் தாடையிலோ கைப்பையிலோ நிறுத்தினால், அது சமாதானம் அல்ல.

பெரும்பாலும் தொடக்கம் ஒரு கேள்வியாகத்தான் இருக்கும். மணி என்ன, இந்த இடத்துக்கு எப்படிப் போக வேண்டும், போன் ஒரு நிமிடம் கிடைக்குமா? கேட்கிறவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே வழி தெரியாதவர்கள். அவர்களுக்கு உதவுங்கள், ஆனால் தூரத்தில் இருந்தே உதவுங்கள். மணி சொல்லக் குனிந்து கடிகாரத்தைப் பார்க்காமல், மணிக்கட்டைக் கண் உயரத்துக்கு உயர்த்திப் பாருங்கள். ஆளும் கண்ணில் இருப்பான், மணியும் தெரியும். நல்லவருக்கு இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. வருத்தப்பட்டு "என்ன, என்னைப் பார்த்தால் திருடன் மாதிரி இருக்கிறதா?" என்று நெருங்கி வருபவனிடம் இன்னும் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

தூரம்தான் நேரம்

1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டுல்லர் ஒரு கணக்கை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் சராசரி ஆள் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும், நன்கு பயிற்சி பெற்ற காவலருக்கே அதை எடுத்துக் குறிபார்க்க அதே அளவு நேரம் பிடிக்கிறது. இதைப் புதியவர்களிடம் சொல்வது பயமுறுத்த அல்ல. கை எட்டும் தூரத்தில் நிற்பவன் கையை வீசினால், அதைப் பார்த்துத் தடுக்க நேரமே இருக்காது என்பது புரிய வேண்டும். வேகமான கைகளைவிட, நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் காப்பாற்றும்.

சந்தேகம் எழுந்ததும் இரண்டு கை நீளத்துக்குக் குறையாத தூரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஓரடி வைத்தால் நீங்கள் ஓரடி விலகுங்கள். நேர் பின்னால் போகாதீர்கள். கால் இடறும், சுவர் வரும். பக்கவாட்டாக, வளைந்து விலகுங்கள், வெளியேறும் வழி இருக்கும் பக்கமாக. மேசை, நிறுத்தி வைத்த கார், தூண் என்று நடுவே எது கிடைத்தாலும் சரி. காரைச் சுற்றிச் சுற்றி ஓடுவது பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும். காரைத் தாண்டிக் கை நீட்டி ஒருவரைப் பிடிக்க முடியாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் விதம் இப்படி: ஒரு கால் அரையடி பின்னால், முழங்கால்கள் லேசாகத் தளர்ந்து. இரண்டு கைகளும் மார்பு உயரத்தில், உள்ளங்கை அவனைப் பார்த்து. "வேண்டாம், பிரச்சினை வேண்டாம்" என்று சமாதானம் பேசுகிறவரின் கை அது. பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் தெரியும், நாளைக்குச் சாட்சி சொல்லவும் அப்படியே சொல்வார்கள். அதே கை முகத்தை மறைக்கும் கேடயமாகவும் இருக்கிறது. அடிக்க வேண்டி வந்தால் பாதித் தூரம் ஏற்கெனவே போய்விட்டது. முதல் வாரம் வேறொன்றும் கற்காமல் இந்த நிலையை மட்டும் பழகினால்கூட எனக்குத் திருப்திதான்.

குரல்

குரல் அடிவயிற்றில் இருந்து வர வேண்டும். சொற்கள் குறைவாக, கட்டளையாக இருக்க வேண்டும்: "நில்!" "தள்ளிப் போ!" "கையை எடு!" இங்கே 'தயவுசெய்து' வேண்டாம், 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்' என்ற கேள்வியும் வேண்டாம். கேள்வி கேட்டால் அவன் பதில் சொல்வான், பேச்சு வளரும், பேச்சு வளர வளர நெருங்குவான். திட்டவும் வேண்டாம். அவன் தன்மானத்தைச் சீண்டினால் விலகிப்போக நினைத்தவனும் நின்றுவிடுவான். குடித்துவிட்டுச் சண்டைக்கு நிற்கிற ஆளாக இருந்தால் "சரி, தப்பு என்மேல்தான்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். விட்டுக்கொடுத்த சண்டைக்காக யாருக்கும் தலையில் தையல் போடுவதில்லை.

சுற்றி ஆட்கள் இருந்தும் யாரும் வரவில்லை என்பது பலரின் கசப்பான அனுபவம். 1976இல் வெளிவந்த லான்ஸ் ஷாட்லண்ட், மார்கிரெட் ஸ்ட்ரா ஆகியோரின் சோதனை இங்கே உதவும். ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவதுபோல் நடித்தார்கள். அந்தப் பெண் "உன்னை எனக்குத் தெரியாது" என்று கத்தியபோது பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். "உன்னை ஏன்தான் கல்யாணம் செய்தேனோ" என்று கத்தியபோது 19 சதவீதம் பேர்தான் அசைந்தார்கள். குடும்பச் சண்டை என்று தோன்றிவிட்டால் கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஆகவே தெரியாத ஆள் என்றால் முதலில் அதைக் கத்துங்கள்: "இவன் யார் என்றே எனக்குத் தெரியாது!" அடுத்து, கூட்டத்தைப் பொதுவாகக் கூப்பிடாமல் ஒருவரைக் குறிப்பிட்டுக் கூப்பிடுங்கள்: "நீலச் சட்டை போட்டவரே, போலீசுக்குப் போன் செய்யுங்கள்!" பெயர் இல்லாத கூட்டத்தில் நீலச் சட்டைக்காரருக்கு இப்போது ஒரு பொறுப்பு வந்துவிட்டது.

பொருள் கேட்டால், ஆளைக் கேட்டால்

பர்ஸ், போன், சங்கிலி என்று பொருளைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கையில் நீட்டுவதைவிட ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுவது மேல். சங்கிலிக்காகக் கழுத்தைப் பணயம் வைப்பதை வீரம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் "வண்டியில் ஏறு", "சத்தம் போடாமல் கூட வா" என்றால் கணக்கு மாறுகிறது. அவன் உங்களைக் கொண்டுபோக விரும்பும் இடம் நிச்சயமாக இதைவிடத் தனிமையானது. கத்துவது, தரையில் உட்கார்ந்துவிடுவது, கம்பத்தைக் கட்டிக்கொள்வது, கடித்துவிட்டு ஓடுவது என எல்லாவற்றையும் செய்ய வேண்டிய நேரம் அதுதான்.

உடல் உறைந்துபோவது

பயத்தில் உடல் சுரக்கும் அட்ரினலின் ஏறும்போது இதயம் பறக்கும், பார்வை குழாய்க்குள் பார்ப்பதுபோல் குறுகும், காது அடைத்துக்கொள்ளும், விரல்கள் நுணுக்கமான வேலைக்கு ஆகாமல் போகும். பூட்டில் சாவி நுழையாது. படத்தில் வருவதுபோல் விரலைப் பிடித்து முறுக்கிச் சுழன்று வீழ்த்தும் வித்தைகள் அப்போது கைவராது. அதனால்தான் புதியவர்களுக்குப் பெரிய, முரட்டு அசைவுகளாக நான்கைந்து மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம்.

சிலருக்கு உடல் முழுவதுமாக உறைந்துவிடும். ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கான அவசர மருத்துவப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவு உடல் செயலிழந்து கிடந்ததாகச் சொன்னார்கள். "ஏன் எதிர்க்கவில்லை, ஏன் கத்தவில்லை?" என்று பிறகு கேட்கும் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும். உறைவது சம்மதம் அல்ல, கோழைத்தனமும் அல்ல. அதை உடைக்க எனக்குத் தெரிந்த வழி மூச்சை வெளியே விடுவது. உள்ளே இழுப்பது தானாக நடக்கும். நீளமாக வெளியே விட்டால் குரலும் அதோடு வந்துவிடுகிறது.

பிடித்துவிட்டால்

மணிக்கட்டுப் பிடியை வைத்தே எல்லாவற்றையும் விளக்கலாம் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். நண்பர் ஒருவரை உங்கள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது அவர் கையைக் கவனியுங்கள். நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வாசல் இருக்கிறது. நீங்கள் பின்னால் இழுத்தால் உள்ளங்கை முழுவதோடும் மல்லுக்கட்டுகிறீர்கள், பலசாலிதான் ஜெயிப்பார். அதை விடுங்கள். முன்கை எலும்பின் மெல்லிய விளிம்பு அந்த வாசலுக்கு நேராக வரும்படி கையைத் திருப்புங்கள். இழுக்காமல் ஓரடி அவர் பக்கம் போய், உங்கள் முழங்கையை அவர் முழங்கையை நோக்கி மடக்குங்கள். பலவீனமான ஒற்றைக் கட்டைவிரல் உங்கள் முழு உடல் எடையைத் தாங்க முடியாமல் திறந்துகொள்ளும். முதல் தடவை கை விடுபட்டதும் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வரும். இரண்டு கைகளாலும் பிடித்தால் உங்கள் மறு கையை நடுவே விட்டு, பிடிபட்ட கையின் முஷ்டியைப் பற்றி மேலே இழுங்கள். கதவு அதே கட்டைவிரல் பக்கம்தான்.

விடுபட்டதும் நின்று பார்க்காதீர்கள். ஓடுங்கள்.

முன்னிருந்து இரு கைகளால் கழுத்தைப் பிடித்தால் அவசரம் பல மடங்கு. மூளைக்குப் போகும் ரத்தம் முழுதாகத் தடைபட்டால் ஏறக்குறைய 10 நொடியில் நினைவு போய்விடும். முகவாயைக் கீழே அழுத்துங்கள், தோள்களைக் காது வரை உயர்த்துங்கள். ஒரு கையை அவன் இரு கைகளுக்கும் மேலாக உயர்த்தி, உடலோடு சேர்த்துச் சட்டென்று பக்கவாட்டில் திரும்புங்கள். அவன் மணிக்கட்டுகள் உங்கள் அக்குளுக்கு அடியில் மடங்கும், பிடி கலையும். முடியைப் பிடித்தால் அவன் கையை உங்கள் இரு கைகளாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள். வலி குறையும், அவன் ஒரு கை அங்கே சிக்கிக்கொள்ளும், உங்கள் கால்கள் உதைக்கத் தயாராக இருக்கும்.

அடிப்பது

முஷ்டியால் முகத்தில் குத்தாதீர்கள். இதைச் சொந்தச் செலவில் கற்றேன். கற்கத் தொடங்கிய நாட்களில் கையில் துணி சுற்றாமல் பயிற்சி மூட்டையைக் குத்தி, சுண்டுவிரலுக்கு அடியில் உள்ள எலும்பை உடைத்துக்கொண்டேன். மூட்டையே இப்படி என்றால் மண்டையோடு என்ன செய்யும்? பல்லில் பட்டுக் கைமுட்டி கிழிந்தால் வாயில் உள்ள கிருமிகள் மூட்டுக்குள் போய்ச் சீழ் பிடிப்பதும் உண்டு. அதற்குப் பதில் உள்ளங்கையில் மணிக்கட்டை ஒட்டிய தடித்த மேடு இருக்கிறதே, அதால் மூக்கையோ முகவாயையோ கீழிருந்து மேலாக இடியுங்கள். மிக நெருக்கத்தில் முழங்கை. தொடையிடுக்கில் முழங்கால். பின்னால் இருந்து கட்டிப்பிடித்தால் உடலைக் கீழே தொய்யவிட்டு, குதிகாலால் அவன் பாதத்தின் மேற்புறத்தில் ஓங்கி மிதியுங்கள். கண்ணும் குரல்வளையும் உயிருக்கு ஆபத்து வந்தபோது மட்டும். அங்கே ஏற்படும் காயம் திரும்ப ஆறாமல் போகலாம்.

ஓர் அடியோடு நிறுத்தி என்ன ஆயிற்று என்று பார்ப்பது புதியவர்களின் வழக்கமான தவறு. மூன்று நான்கு அடிகள் தொடர்ச்சியாக, பிறகு ஓட்டம். ஆள் விழுந்த பிறகு நின்று உதைக்காதீர்கள். பல நாட்டுச் சட்டங்களும் ஏறக்குறைய ஒரே வரம்பைத்தான் சொல்கின்றன: ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும், எதிர்ப்பு அதற்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், ஆபத்து முடிந்ததும் உரிமையும் முடிந்தது. விழுந்தவனை உதைக்கும் நொடியில் தாக்குபவர் யார், தாக்கப்பட்டவர் யார் என்பது இடம் மாறிவிடும்.

நீங்கள் கீழே விழுந்தால் மல்லாந்து, பாதங்கள் அவனை நோக்கி இருக்கும்படி சுழலுங்கள். கால் கையைவிட நீளம், வலிமையும் அதிகம். அவன் முழங்காலை உதையுங்கள். விழும்போதே முகவாயை நெஞ்சோடு ஒட்டி வையுங்கள். கைச்சண்டைகளில் உயிர் போவது பல நேரம் குத்தால் அல்ல, பின்மண்டை தரையில் மோதுவதால்.

கத்தி என்றால் ஓட்டம்தான் ஒரே பாடம். ஓட வழி இல்லாதபோது நாற்காலி, பை, மடித்த சட்டை என எதையாவது நடுவே பிடியுங்கள். துப்பாக்கியைக் காட்டிப் பொருள் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் கத்தியைப் பிடுங்கக் கற்றுத் தருவதாகச் சொல்பவர்கள் உங்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்.

சாவிகளை விரல்களுக்கு நடுவே செருகிக்கொள்ளும் யோசனையை மறந்துவிடுங்கள். குத்தும்போது அவை உங்கள் விரலைத்தான் கிழிக்கும். மிளகுத் தெளிப்பான் வாங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் அது தடை செய்யப்பட்ட ஆயுதம். வைத்துக்கொண்டால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனியுங்கள், கைப்பையின் அடியில் புதைக்காதீர்கள். ஒரு நல்ல விசிலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

தெரிந்தவனாக இருந்தால்

இருட்டுச் சந்துகளையும் முகமூடியையும் நினைத்துத்தான் எல்லோரும் வகுப்புக்கு வருகிறார்கள். ஐ.நா. கணக்கின்படி 2023இல் உலகெங்கும் கொலை செய்யப்பட்ட பெண்கள், சிறுமியர் ஏறக்குறைய 85,000 பேர். அதில் 51,100 பேரைக் கொன்றது கணவரோ, காதலரோ, குடும்பத்தைச் சேர்ந்த வேறொருவரோ. தாட்சண்யம் மிகக் கனமாக இருப்பதும் இங்கேதான். தெரியாதவனிடம் "நில்" என்று கத்தக் கற்றவர், மாமாவின் கை தோளில் ஒரு நொடி கூடுதலாக இருக்கும்போது வாய் திறப்பதில்லை. "கையை எடுங்கள், எனக்குப் பிடிக்கவில்லை" என்று சாதாரணக் குரலில், நான்கு பேர் முன்னிலையில் சொல்லப் பழகுங்கள். குழந்தைகளை 'போய் முத்தம் கொடு' என்று தள்ளிவிடுவதையும் நிறுத்துங்கள்.

வீட்டுக்குள் வன்முறை தொடர்கிறது என்றால் உள்ளங்கை அடி விடையல்ல, திட்டம்தான் விடை. சண்டை முற்றும்போது சமையலறைக்கோ குளியலறைக்கோ போகாதீர்கள். ஒன்றில் கத்தி இருக்கிறது, மற்றதில் வெளியே வழி இல்லை. அடையாள ஆவணங்கள், மருந்து, கொஞ்சம் பணம், மாற்றுச் சாவி ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்திருங்கள். தொலைபேசியில் சொன்னதும் அவருக்குப் புரியும்படி ஒரு சங்கேதச் சொல் பேசிவையுங்கள். ஏற்கெனவே ஒருமுறை கழுத்தை நெரித்தவன் என்றால் காத்திருக்காதீர்கள். பிரிந்து போகிற நாட்கள்தான் மிக ஆபத்தானவை என்பதால், போவதை அவனிடம் முன்கூட்டிச் சொல்லாமல், உதவி அமைப்போடு பேசிவிட்டுப் போங்கள்.

தப்பிய பிறகு

வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடம் வரை ஓடுங்கள். அங்கே போனதும் உடம்பைத் தடவிப் பாருங்கள். கத்திக் குத்து, பட்ட நேரத்தில் வெறும் குத்துப் போலவே தோன்றக்கூடும். ரத்தம் வந்தால் துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். உடலில் குத்தி நிற்கும் எதையும் பிடுங்காதீர்கள். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால் தோலில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். உள்ளே ரத்தக்குழாய் கிழிந்து, நாட்கள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. குரல் கம்முவதும் விழுங்க வலிப்பதும் முக்கியமான அறிகுறிகள்.

பாலியல் தாக்குதல் என்றால் குளிக்கத்தான் முதலில் தோன்றும். முடிந்தால் மருத்துவப் பரிசோதனை வரை பொறுத்திருங்கள். உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை முறைகள் 5 நாட்கள் வரை பயன் தரும் என்றாலும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே குளித்துவிட்டீர்கள் என்றாலும் போங்கள்.

நினைவில் இருப்பதை அன்றே எழுதிவையுங்கள். வரிசை குழம்பியிருக்கும், நடுவில் ஓட்டை இருக்கும். அது இயல்புதான். ஓட்டைகளைக் கற்பனையால் அடைக்காதீர்கள்.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

எந்தக் கலை சிறந்தது என்பது முடியாத விவாதம். கானோ ஜிகோரோ 1882இல் தொடங்கிய ஜூடோ விழவும் வீழ்த்தவும் கற்றுத்தரும். குத்துச்சண்டை தூரத்தையும் அடிவாங்கும் பழக்கத்தையும் தரும். குள்ளமாக இருக்கிறோமே என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: நூறாண்டுக்கு முன் லண்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு ஜூஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்த ஈடித் காரட்டின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு.

கலையைவிட வகுப்பு எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்று பாருங்கள். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் சார்லீன் சென் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி பெற்ற மாணவிகளில் அடுத்த ஓராண்டுக்குள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம். துண்டறிக்கைகள் மட்டும் பெற்ற மாணவிகளில் அது 9.8 சதவீதம். அந்தப் பன்னிரண்டு மணியில் அடிப்பது ஒரு பகுதிதான். ஆபத்தை மதிப்பிடுவது, தெரிந்தவர்களிடமும் மறுத்துப் பேசுவது, தன் விருப்பம் எது என்று தெளிவது எல்லாம் அதில் இருந்தன. ஆகவே குரல் பயிற்சியும், ஒத்திகைக் காட்சிகளும், கவசம் போட்ட ஆளை முழு வேகத்தில் அடிக்கும் பயிற்சியும் இருக்கும் வகுப்பைத் தேடுங்கள். சேரும் முன் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறிடம் பாருங்கள்.

சேர்ந்த பிறகு ஒரு சோதனை வையுங்கள். ஆசிரியர் உங்கள் கையை முறுக்கிக் காட்டும்போது, தாங்க முடியும் என்றாலும், பாதியிலேயே "நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். உடனே விட வேண்டும். சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் முறுக்கினால் பையை எடுத்துக்கொண்டு அன்றே கிளம்புங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். காரணம் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை.